தூக்கியாயிற்று, இனி நகர்த்த வேண்டும்

(கோவையில் சிறு இயந்திரக்கூட, வார்ப்படக்கூட உரிமையாளர்களும் மேற்பார்வையாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பாரம் தூக்கும் சாதனங்கள்'. கடல் மாதிரித் தலைப்பு. கிரேன், ஹாய்ஸ்ட், ஸ்லிங், ஷாக்கிள் என்று ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்கிறேன். ஐ பீமின் கீழ்த்தகட்டில் நான்கு சக்கரத்தில் தொங்கிக்கொண்டு ஓடுமே, டிராலி, அதுதான். அதிலும் கைச்சங்கிலியை இழுத்து ஓட்டுகிற கியர் டிராலி. பாரத்தை மேலே தூக்கும் செயின் பிளாக்கைப் பற்றி நமக்குள் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. எந்தக் கம்பெனி நல்லது, எது ரெண்டு வருஷத்தில் பல் தேயும் என்று டீக்கடையிலேயே சண்டை போடுவோம். அந்த பிளாக் தொங்குகிற டிராலியைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

கடையில் நடப்பதைச் சொல்கிறேன். "ஏனுங்கண்ணா, டிராலி ஒண்ணு வேணுமுங்க." "எத்தனை டன்னுங்க?" "ரெண்டு டன்." "சாதாவா, கியரா?" "எது விலை கம்மி?" "சாதாதானுங்க." "அதே போடுங்க." பேச்சு முடிந்தது. ஒரு வேட்டி எடுக்கப் போனால்கூட இதைவிட நாலு கேள்வி அதிகமாகக் கேட்போம்.

நானும் அப்படி வாங்கியவன்தான். 1990-களின் நடுவில் ஒரு மெஷின் ஷாப்பில் பராமரிப்பு என் பொறுப்பு. ஒன்றரை டன் எடையுள்ள பெட் காஸ்டிங் ஒன்றை லாரி நிற்கும் இடத்தில் இறக்கி, பிளேனிங் மெஷின் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மேலே ஐ பீம் இருந்தது. செயின் பிளாக் இருந்தது. டிராலி மட்டும் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு டன் சாதா டிராலி வாங்கி மாட்டினேன். சாதா டிராலி என்றால் சக்கரம் மட்டும்தான், ஓட்டுவதற்கு எதுவும் கிடையாது. தொங்குகிற பாரத்தைக் கையால் தள்ளினால் டிராலி பின்னால் வரும்.

நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். முதலில் அசையவே இல்லை. அசைந்த பிறகு நல்ல ஓட்டம். மெஷின் பக்கம் வந்ததும் எல்லோரும் கையை எடுத்தார்கள். காஸ்டிங் கையை எடுத்தது தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற ஒருவர், நம் ஊர் ஆளுக்கே உரிய பழக்கத்தில், நிறுத்துவதற்காக உள்ளங்கையை நீட்டினார். காஸ்டிங்குக்கும் மெஷின் தூணுக்கும் நடுவில் அந்தக் கை மாட்டியது. இரண்டு விரல் போனது. செயின் பிளாக் தப்பு செய்யவில்லை, பீம் உடையவில்லை, ஸ்லிங் அறுபடவில்லை. விசாரணை என்று வந்தபோது எல்லாச் சாமானும் சரியாக இருந்ததாகத்தான் எழுத முடிந்தது. தவறான சாமானை வாங்கிக் கொடுத்தவன் நான். அதை எழுதுவதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

அந்தச் சம்பவத்தை அப்புறம் பல நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வசதிக்காக இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். பேரிங் போட்ட இரும்புச் சக்கரம், சுத்தமான இரும்புத் தகட்டில் உருளும்போது உண்டாகும் தடை, பாரத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். இரண்டு டன்னுக்கு 20 முதல் 40 கிலோ. ஆனால் நிற்கிற டிராலியைக் கிளப்ப அதைவிடக் கூடுதலாக வேண்டும். 60 கிலோ என்று வையுங்கள். நாம் தள்ளுவது டிராலியை அல்ல, நாலு மீட்டர் சங்கிலியின் அடியில் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிற பாரத்தை. 60 கிலோ விசை டிராலிக்குப் போய்ச் சேர வேண்டுமானால், பாரம் தன் இடத்திலிருந்து 12 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தாக வேண்டும். அதன் பிறகுதான் மேலே டிராலி நகர ஆரம்பிக்கும். அதாவது டிராலி கிளம்புவதற்கு முன்பே ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிட்டது.

இப்போது நிறுத்துவதைப் பாருங்கள். விநாடிக்கு அரை மீட்டர் வேகம். நாம் சாவகாசமாக நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. அந்த வேகத்தில் வரும் இரண்டு டன்னில் இருக்கும் ஆற்றல், 25 கிலோ சிமெண்ட் மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். விழுகிற மூட்டையைக் கை நீட்டித் தடுக்க மாட்டோம். மெதுவாக வருகிற காஸ்டிங்கைத் தடுப்போம், ஏனென்றால் அது மெதுவாக வருகிறது. கையை எடுத்த பிறகு, நூற்றுக்கு இரண்டு பங்கு தடையில், அது தானாக நிற்க 60 சென்டிமீட்டருக்கு மேல் ஓடும். பேரிங் புதுசாக, நல்லதாக இருந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். நல்ல பேரிங் போட்டதற்குக் கிடைத்த பரிசு அது.

கியர் டிராலியில் என்ன நடக்கிறது? ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டின் வெளி விளிம்பிலும் பல் வெட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பினியன், இரண்டு சக்கரத்தோடும் கடித்துக்கொண்டு நிற்கும். பினியனின் தண்டில் கைச்சங்கிலி ஓடும் சக்கரம். கீழே நிற்பவர் சங்கிலியை இழுத்தால் பினியன் சுற்றும், பல்சக்கரங்கள் சுற்றும், டிராலி நகரும். இந்தப் பக்கம் இழுத்தால் முன்னே, அந்தப் பக்கம் இழுத்தால் பின்னே. அவ்வளவுதான் யந்திரம். விசை நேராக மேலே டிராலிக்குப் போகிறது. பாரம் அதன் பின்னால் மாடு பின்னால் கன்று மாதிரி வருகிறது. முக்கியமாக, இழுப்பவர் பாரத்தைத் தொடவே வேண்டியதில்லை.

ஒரு உதாரணத்துக்கு அளவு போட்டுப் பார்ப்போம். ஓடும் சக்கரத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், சங்கிலிச் சக்கரம் 200, பல் விகிதம் ஒன்றுக்கு நான்கு. டிராலி ஒரு மீட்டர் போக எட்டு மீட்டர் சங்கிலி இழுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மேலே 40 கிலோ தேவைப்படும் இடத்தில் கையில் ஐந்து கிலோ போதும். பல்லிலும் தண்டிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தாலும், கிணற்றில் குடம் சேந்துகிற பலத்தைத் தாண்டாது. நான்கு பேர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். அவசரப்படுத்தவும் முடியாது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தை எட்ட, விநாடிக்கு நாலு மீட்டர் சங்கிலி இழுக்க வேண்டும். எந்த மனிதனாலும் ஆகாது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி போர்டு எழுதி வைப்பதைவிட இது நல்ல போர்டு.

இதைக் கேட்டதும் சிலர் முடிவுக்கு வந்துவிடுவீர்கள்: அப்படியானால் கியர் டிராலி நிறுத்திய இடத்தில் நிற்கும். இங்கேதான் நான் உங்களைத் தடுக்க வேண்டும்.

செயின் பிளாக்கில் பிரேக் உண்டு. சங்கிலியை விட்டால் பாரம் அப்படியே நிற்கிறதே, அது உள்ளே இருக்கும் திருகுப் பிரேக்கின் வேலை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சங்கிலிக் கப்பிக்குப் பேர்போன வெஸ்டனின் பெயரில் இன்றும் அதை வெஸ்டன் பிரேக் என்கிறார்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கியர் டிராலியில் அப்படி எதுவும் கிடையாது. பல்லின் உரசலும் சங்கிலியின் எடையும் கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவே. பீம் சாய்ந்திருந்தால் டிராலி ஓடும், கைச்சங்கிலி மேலே தானாகச் சுற்றிக்கொண்டு வரும். சில கம்பெனிகள் பூட்டு வைத்துத் தருகிறார்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

ஆகவே பீமைப் பற்றிப் பேசாமல் டிராலியைப் பற்றிப் பேச முடியாது. உண்மையில் என் பேச்சின் பெரும்பகுதி பீம்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தைப் பார்க்காமல் வருகிற மாதிரி, டிராலியைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

நம் ஷெட்டுகளில் பீம் எப்படி வருகிறது? புதிதாக வாங்கி, கணக்குப் போட்டு, ஏற்றியது சில இடங்களில். பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தது பல இடங்களில். "நல்ல கனமான பீமுங்க, மில்லு ஒண்ணைப் பிரிச்சப்ப வந்தது" என்பார்கள். கனம் சரி. எந்த அளவு பீம், தூணுக்குத் தூண் எத்தனை மீட்டர்?

தூணுக்குத் தூண் 6 மீட்டர், தூக்குவது 2 டன், டிராலியும் பிளாக்கும் சேர்த்து இன்னும் 100 கிலோ. 200 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ.எஸ்.எம்.பி. பீம் போட்டால், பாரம் நடுவில் வரும்போது பீம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் தொய்யும். 300 மில்லிமீட்டர் பீம் போட்டால் ஐந்தரை மில்லிமீட்டர்தான். மீட்டருக்கு முதல் பீம் சுமார் 25 கிலோ, இரண்டாவது சுமார் 45 கிலோ. இரும்பு இரண்டு மடங்குகூட ஏறவில்லை, விறைப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறிவிட்டது. உயரத்துக்கு அவ்வளவு மதிப்பு. கையால் இயக்கும் கிரேன் ஓடும் பீமுக்கு, நீளத்தில் 500-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்வு கூடாது என்று ஐ.எஸ். 800 தரநிலை சொல்கிறது. 6 மீட்டருக்கு அது 12 மில்லிமீட்டர். முதல் பீம் தேறவில்லை.

தேறாவிட்டால் என்ன, உடைந்தா போகும் என்று கேட்பீர்கள். உடையாது. 21 மில்லிமீட்டர் கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனால் டிராலிக்குத் தெரியும். டிராலி எங்கே போனாலும் தன் எடையால் தனக்கு ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொண்டே போகிறது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும்போது அந்தப் பாதையின் சரிவு ஓரிடத்தில் நூற்றுக்கு ஒன்று வரை இருக்கும். சக்கரத்தின் தடை எவ்வளவு என்றேன்? நூற்றுக்கு ஒன்று, இரண்டு. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். விரலால் தொட்டால் போதும், நடுவுக்கு வந்துவிடும். நடுவைத் தாண்டி அடுத்த தூண் பக்கம் போக வேண்டுமானால் மேடு ஏற வேண்டும். "டிராலி நடுவுல வந்து மாட்டிக்குது சார், பேரிங் போயிருக்கும்" என்று என்னை அழைத்த இடங்களில் பாதிக்கு மேல் பேரிங் நன்றாகத்தான் இருந்தது. பேரிங்கை மாற்றியிருந்தால் இன்னும் வேகமாக நடுவுக்கு வந்திருக்கும்.

இதோடு பீமின் இரு முனைகளும் சமமட்டத்தில் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். 6 மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் இன்னும் நூற்றுக்கு அரைப் பங்கு சரிவு. நம் தாத்தா காலத்தில் கவலை இறைத்தார்கள். மாடு சரிவில் இறங்கும்போது அதன் எடையால் தண்ணீர்ச் சால் மேலே வந்தது. சரிவை வேண்டுமென்று வெட்டினார்கள். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து, நம் ஊர் பம்புகள் வந்து, அந்தச் சரிவுகளை எல்லாம் மூடினோம். மூடிய சரிவை ஷெட்டுக்குள் தலைக்கு மேலே கட்டி வைக்க வேண்டாம். ஒரு ட்யூப் லெவலை எடுத்துப் பீமின் இரு முனைகளிலும் பிடித்துப் பாருங்கள். அரை மணி வேலை.

அடுத்தது ஃபிளாஞ்ச், அதாவது பீமின் தகடு. டிராலி தொங்குவது பீமில் என்கிறோம், உண்மையில் தொங்குவது கீழ் ஃபிளாஞ்சின் இரண்டு ஓரங்களில். கடைக்காரர் கேட்காத, நாம் சொல்லாத அளவு இதன் அகலம். ஐ.எஸ்.எம்.பி. 200-க்கு அகலம் 100 மில்லிமீட்டர். 250-க்கு 125. 300-க்கு 140. 400-க்கும் அதே 140. 450-க்கு 150, 500-க்கு 180. ஒவ்வொரு டிராலிக்கும் 'இந்த அகலம் முதல் இந்த அகலம் வரை' என்று ஒரு வரம்பு உண்டு. நடுத் தண்டில் இருக்கும் வாஷர்களை உள்ளே வெளியே மாற்றி அந்த வரம்புக்குள் பொருத்திக்கொள்ளலாம். வாஷர்களை இரண்டு பக்கமும் சமமாகப் போட வேண்டும். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் ஒன்று என்று போட்டால் கொக்கி பீமின் நடுக்கோட்டில் இருக்காது, ஒரு ஓரத்துச் சக்கரங்களே பாரத்தைச் சுமக்கும். சக்கர விளிம்புக்கும் ஃபிளாஞ்ச் ஓரத்துக்கும் நடுவே இரு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சரியான அளவு டிராலியோடு வந்த தாளில் இருக்கும். அந்தத் தாள் அட்டைப்பெட்டியோடு வெளியே போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இடைவெளி அதிகமானால் டிராலி கோணலாக நின்று சக்கரம் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும். எட்டு பத்து மில்லிமீட்டர் இடைவெளியில், ஃபிளாஞ்ச் விளிம்பை நகக்கண்ணால் பிடித்த மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த டிராலிகளை நான் பார்த்திருக்கிறேன். அடியில் ஆட்கள் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அகலத்தை ஓரிடத்தில் அளந்து முடித்துவிடாதீர்கள். பழைய பீமில் எங்கோ ஒரு காலத்தில் கேஸ் கட்டிங் பட்டிருக்கும், வேறு எதற்கோ பிராக்கெட் வெல்டிங் வைத்துப் பிறகு அரைத்திருப்பார்கள், துரு தின்றிருக்கும். இரு முனையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். இரண்டு பீமை ஒட்டி வெல்டிங் வைத்த இடத்தில் மேடு இருந்தால் ஒவ்வொரு தடவையும் சக்கரம் ஏறி இறங்கும். அந்த அடி தண்டுக்கும் பேரிங்குக்கும் போகிறது.

இனி ஒரு நுணுக்கம். நம் பழைய வகை ஐ பீமின் ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்காது. நடுவில் தடிமன், ஓரத்தில் மெல்லிசு, 8 பாகை சரிவு. ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கம். அதற்குச் சரிவான சக்கரம் வேண்டும். இப்போது வருகிற புது ஷெட்டுகளில் ஃபிளாஞ்ச் இணையாக, பலகை மாதிரி இருக்கும் பீம்கள் நிறைய வருகின்றன. சரிவுச் சக்கரத்தைத் தட்டை ஃபிளாஞ்சில் ஓட்டினால் பாரம் முழுவதும் ஃபிளாஞ்சின் வெளி ஓரத்தில், ஒரு கோடு மாதிரி விழும். ஓரம் கீழ்நோக்கி வளையும். தட்டைச் சக்கரத்தைச் சரிவு ஃபிளாஞ்சில் ஓட்டினால் உள்ளோரம் மட்டும் தொட்டு ஓடும், சக்கரம் ஒரு பக்கமாகத் தேயும். லேசான குமிழ் வளைவு கொடுத்த சக்கரம் இரண்டிலும் ஓடும். புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். கையில் இருக்கும் டிராலியைக் கழற்றிப் புது ஷெட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஃபவுண்டரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பீமின் கீழ் ஃபிளாஞ்சில் எப்போதும் மணல் இருக்கும். சக்கரம் அதை அரைத்துக்கொண்டே போகும். அதைவிட மோசம், டிராலியின் பல் திறந்து கிடக்கிறது. அதில் கிரீஸ் வைத்தால் மணல் ஒட்டிக்கொண்டு அரப்பொடி மாதிரி ஆகிப் பல்லைத் தின்னும், வைக்காவிட்டால் வெறும் இரும்பு உரசும். என் அனுபவத்தில், கொஞ்சமாக வைத்து, அடிக்கடி துடைத்து, மறுபடி கொஞ்சமாக வைப்பதைத் தவிர வழி இல்லை. பல்லை மூடும் தகடு உள்ள டிராலி கிடைத்தால் வாங்குங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: டிராலி கஷ்டமாக ஓடுகிறது என்று பீமின் ஃபிளாஞ்சில் எண்ணெய் ஊற்றுவது. கியர் டிராலி நகர்வதே சக்கரத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் உள்ள பிடிப்பால்தான். எண்ணெய் பட்டால் சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கும். ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஓடுதளத்திலும் தடிமனாக அடித்துவிடுவதும் இதே கதை. அப்புறம், உருகிய இரும்பு சுமக்கும் லேடிலுக்கு இன்றைக்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு விதிகள் வேறு, கடுமையும் வேறு.

இனி நிற்கும் ஆளைப் பற்றி. கைச்சங்கிலி எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று டிராலியை மாட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். சங்கிலி மெஷின் வரிசைப் பக்கம் தொங்கினால், இழுப்பவர் மெஷினுக்கும் பாரத்துக்கும் நடுவில் நிற்பார். நான் சொன்ன அந்தக் கை நின்ற அதே இடம். நடைபாதைப் பக்கம் தொங்கினால், முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கும். டிராலியைத் திருப்பி மாட்டினால் போதும், செலவே இல்லை. ஏற்றிய பிறகு இறக்கித் திருப்ப யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் முன்பே சொல்கிறேன்.

கியர் டிராலியில் கைச்சக்கரம் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதால், கொக்கியில் பாரம் இல்லாதபோது டிராலி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். சில டிராலிகளில் அதைத் தடுக்க எதிர்ப்பக்கம் எடையோ, ஃபிளாஞ்சுக்கு அடியில் ஒரு தாங்கலோ வைத்திருப்பார்கள். அது உதிரி இரும்பு என்று நினைத்துக் கழற்றி வைத்த பிட்டரையும் எனக்குத் தெரியும்.

சங்கிலியின் நீளத்தைப் பீமின் உயரத்துக்கு ஏற்பச் சொல்லி வாங்க வேண்டும். கடையில் பெரும்பாலும் 3 மீட்டர் தூக்கும் உயரத்துக்கு ஏற்ற சங்கிலியோடு வைத்திருப்பார்கள். பீம் 5 மீட்டரில் இருந்தால் சங்கிலி எட்டாது, உடனே ஒருவர் கயிறு கட்டுவார். தரையில் புரளுகிற நீளமும் வேண்டாம், காலில் சுற்றும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால் சரி. இன்னொன்று, பிளாக்குக்கு ஒரு கைச்சங்கிலி, டிராலிக்கு ஒரு கைச்சங்கிலி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரித் தொங்கும். பதற்றத்தில் நகர்த்த நினைத்தவர் இறக்கிவிடுவார். ஒன்றில் சில கண்ணிகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வையுங்கள்.

எல்லோருக்கும் கியர் டிராலிதான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 200 கிலோ, 300 கிலோ பாகத்தை லேத்துக்கு லேத் மாற்ற, பீமும் தாழ்வாக இருந்தால், சாதா டிராலி போதும். அங்கே போய்ச் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தால் ஆள் எரிச்சலில் அதைக் கழற்றி எறிவார், அதில் தப்பும் இல்லை. ஒரு டன்னைத் தாண்டினால் நான் சாதா டிராலிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். டன் குறைவாக இருந்தும் பீம் மிக உயரத்தில் இருந்தால், அங்கேயும் கியர்தான். ஏனென்றால் பாரம் இல்லாத டிராலியைத் திரும்பக் கொண்டுவர, செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்துச் சாய்வாக இழுப்பார்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், மூலையில் கிடக்கும் காஸ்டிங்கையும் அதே சாய்வில் தரையோடு இழுக்க ஆரம்பிப்பார்கள். சாய்வாக இழுத்தால் டிராலியின் ஒரு பக்கச் சக்கரம் ஃபிளாஞ்சை விட்டு எழும்பும். செயின் பிளாக்கும் டிராலியும் நேராகத் தொங்கும் பாரத்துக்குச் செய்தவை.

மறு ஓரமும் உண்டு. 10 மீட்டர் தூரம் போக வேண்டும் என்றால், நம் கணக்குப்படி 80 மீட்டர் சங்கிலி. ஒரு இழுப்புக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 130 தடவைக்கு மேல். நாளுக்கு நாலு தடவை என்றால் செய்யலாம். நாற்பது தடவை என்றால் மோட்டார் வைத்த டிராலிக்குப் போங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க ஒரு மனிதனின் தோள்பட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை மோட்டார் கழற்றி மாட்டும் பம்ப் ஹவுஸ் மாதிரி இடங்களில், கரண்ட் இருக்கிறதோ இல்லையோ என்ற இடங்களில், கைச்சங்கிலியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

வாங்கும்போது டிராலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத் தகடுகள் ஃபிளாஞ்சை ஒட்டி உள்பக்கமாக நீண்டிருக்கின்றனவா? சக்கரமோ அதன் தண்டோ உடைந்தால் டிராலி கீழே விழாமல் அந்தத் தகடு ஃபிளாஞ்சில் மாட்டி நிற்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. மலிவு டிராலியில் முதலில் காணாமல் போவது அதுதான். பீமின் இரு முனைகளிலும் ஸ்டாப்பர் வேண்டும். இரு முனை என்று அழுத்திச் சொல்கிறேன், "அந்தப் பக்கம் யாரும் போறதில்லைங்க" என்று ஒரு முனை திறந்து கிடந்த பீம்கள் கணக்கில்லை. ஸ்டாப்பர் டிராலியின் பக்கத் தகட்டில் இடிக்க வேண்டும், சக்கரத்தில் இடிக்கக் கூடாது. பீம் வளைந்து போகிற இடம் இருந்தால் எவ்வளவு ஆர வளைவில் டிராலி திரும்பும் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாகச் சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். தூக்கும் சாதனங்கள் குறையற்ற பொருளில், போதிய பலத்தோடு இருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும். எவ்வளவு தூக்கலாம் என்பதைத் தெளிவாகக் குறித்து வைக்க வேண்டும், அதற்கு மேல் தூக்கக் கூடாது. நாம் செயின் பிளாக்குக்குச் சான்றிதழ் வாங்குகிறோம். டிராலி அந்தச் சான்றிதழில் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் கோப்பை எடுத்துப் பாருங்கள். பிளாக் 3 டன், டிராலி 2 டன், பீம் தாங்குவது 1 டன் என்றால், பீமில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியது 1 டன்தான். நான் போகும் ஷெட்டுகளில் பெரும்பாலும் எழுதியிருப்பது 3. இன்னும் பல ஷெட்டுகளில் எதுவுமே எழுதியிருக்காது, 'எல்லாம் வல்ல இறைவன் துணை' என்பதைத் தவிர.

என் நேரம் முடிந்தது என்று தலைவர் கையைக் காட்டுகிறார். வெளியே வராந்தாவில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். 140 மில்லிமீட்டர் ஃபிளாஞ்ச் உள்ள பீம் துண்டு ஒன்று ஸ்டாண்டில் இருக்கிறது. அதில் ஒரு சாதா டிராலி, ஒரு கியர் டிராலி, இரண்டும் மாட்டியிருக்கிறது. மூன்றாவது ஒன்றைப் பிரித்து, வாஷர், பினியன், சக்கரம் எல்லாம் தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஓர் ஓரமாகத் தேய்ந்த சக்கரம் ஒன்றும் அங்கே இருக்கிறது, அதை மட்டுமாவது விரலால் தடவிப் பாருங்கள். கையில் கிரீஸ் ஒட்டும். துடைக்கப் பக்கத்திலேயே வேஸ்ட் காட்டன் வைத்திருக்கிறேன்.